நான்கிலிருந்து நாலரை வரை

ஊர் சுற்றுவது எனக்குப் பிடிக்காது என்றில்லை. யாரோ போட்ட திட்டத்தில், யாரோ ஓட்டும் வண்டியில் போய், யாரோ நிறுத்தும் இடத்தில் இறங்கி "சூப்பரா இருக்கு" என்று சொல்வதுதான் பிடிக்காது. அமெரிக்காவில் பதின்மூன்று ஆண்டுகளாக நான் பார்த்த ஏரி, அருவி, அவுட்லெட் மால் எல்லாம் அப்படிப் பார்த்தவைதான். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர், "இன்னைக்கு சோனோமா போறோம், வைன் கன்ட்ரி, பழைய ஊர், ரொம்ப அழகா இருக்குமாம்" என்றபோது நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆபீஸ் பார்ட்டியில் ஒரு கிளாஸை இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டே நிற்கிறவருக்குத் திடீரென்று வைன் ஊர் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. எலுமிச்சை சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

கூட வந்தது ஒரே ஒரு ஜோடி. அக்காவும் அவர் கணவரும். அக்கா என்பது உறவில் இல்லை, ஃப்ரீமாண்டில் எங்கள் அபார்ட்மென்டுக்கு எதிர்வீடு. மதுரைப் பக்கம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். எங்கள் இருவரின் கணவன்மாரும் ஒரே கம்பெனி. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நானும் அக்காவும் ஏரியைச் சுற்றி நடப்போம். ஏழு வருடம் நடந்தோம். என் அம்மா ஊரில் இறந்தபோது, விசா முத்திரைக்குப் போய் மாட்டிக்கொண்டால் திரும்ப வர மாதக்கணக்கில் ஆகும் என்று எல்லாரும் பயமுறுத்த, நான் போகவில்லை. தங்கை போனில் காட்டிய சடங்குகளைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். அக்கா மூன்று நாள் என் வீட்டிலேயே இருந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ரசம் வைத்தார், என் பெண்ணுக்குத் தலை பின்னினார், இரவில் சோபாவில் படுத்துக்கொண்டார். அந்த மூன்று நாளை நான் மறந்தால் நான் மனுஷியே இல்லை.

வண்டி அவர்களுடையது, மூன்று வரிசை வேன். ஆண்கள் முன்னால், பெண்கள் நடுவில். பக்கவாட்டுக் கதவில் சைல்ட் லாக் போட்டிருந்தது. அவர்கள் பையனுக்குப் பன்னிரண்டு வயதாகியும் அதை எடுக்கவில்லை, எப்படி எடுப்பது என்று மறந்துவிட்டதாம். ஆகவே பெட்ரோல் போட நின்றபோதும், பாத்ரூமுக்கு நின்றபோதும், யாராவது வெளியிலிருந்து திறந்துவிடும்வரை நானும் அக்காவும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தோம். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போயிருந்தார்கள்.

விரிகுடாவின் வடகோடியில் சதுப்பு நிலத்தின் நடுவே ஒரு சாலை போகும். இரண்டு பக்கமும் தண்ணீர், வெளியேற வழி கிடையாது, முன்னால் போகிற வண்டியின் பின்னாலேயே ஊர்ந்துகொண்டு போக வேண்டும். அங்கே வைத்துத்தான் அக்காவின் கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்ன சிஸ்டர், அடுத்தடுத்த லாட். நடுவுல வேலியே போடாம விட்டுடலாமா?" என்றார்.

"எந்த லாட்?"

முன் இருக்கையில் என் கணவரின் காது சிவந்தது. பின்னாலிருந்து நன்றாகவே தெரிந்தது.

"டெக்ஸாஸ்ல, ஃபிரிஸ்கோல தான்மா. பில்டர் இன்னைக்கு நைட் வரைக்கும்தான் ஹோல்ட் பண்ணி வெப்பானாம். உனக்கு ஒரு மெயில் வரும், சும்மா ஒரு கையெழுத்து. ரெண்டு பேர் பேர்லயும் இருக்கறதால ரெண்டு பேரும் போடணும். நான் காலைலயே போட்டுட்டேன்" என்றார் அவர், சாலையைப் பார்த்தபடி. வண்டியை அவர் ஓட்டவில்லை, ஆனாலும் சாலையைத்தான் பார்த்தார்.

டெக்ஸாஸுக்குப் போகலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஒரு வருடமாக நடந்துகொண்டிருந்தது உண்மை. கம்பெனி அங்கே ஓர் அலுவலகம் திறக்கிறது, இவர் கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள். பே ஏரியாவில் நாங்கள் வீடு வாங்குவது நடக்காத காரியம். இவர் சிறுவயதில் ஐந்து பேர் ஒரே அறையில், வீட்டுக்காரர் விளக்கை அணைக்கச் சொன்னால் அணைத்துவிட்டு வளர்ந்தவர். யார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனாலும் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வருவார். எனக்கு அது தெரியும், அதை நான் கேலி செய்ததில்லை. ஆனால் பேச்சு வேறு, லாட் என்று மனையே பிடிப்பது வேறு. என் பதில் எப்போதும் ஒன்றாகவே இருந்தது. நான் படிப்பை முடித்த பிறகு.

அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நான் திருச்சியில் வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள். இங்கே வந்து ஒன்பது வருடம், கணவரின் விசாவில் தொங்கும் விசாவில், வேலை செய்ய அனுமதி இல்லாமல் இருந்தேன். வீட்டில் சும்மாதான் இருக்கிறீர்களா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு வேலை அனுமதி அட்டை வந்தது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் சான்றிதழுக்கு கலிஃபோர்னியாவில் சேர்ந்தேன். பரீட்சைகள் முடிந்துவிட்டன. மிச்சம் இருந்தது ஒரு கல்வியாண்டு, ஆகஸ்டிலிருந்து ஜூன் வரை, ஒரு பள்ளியில் மேற்பார்வையில் பாடம் நடத்த வேண்டும். பள்ளியும் கிடைத்துவிட்டது. ஃபிரிஸ்கோ வீடு டிசம்பரில் தயாராகும். டிசம்பரில் நான் கிளம்பினால் அந்த வருடம் செல்லாது. டெக்ஸாஸில் அவர்கள் சட்டம், அவர்கள் பரீட்சை, மறுபடி முதலிலிருந்து. எனக்கு நாற்பத்தொன்று.

"அங்கயும் ஸ்கூல் இருக்கும்ல" என்றார் என் கணவர்.

கதவைத் திறந்துகொண்டு இறங்கியிருப்பேன். அது உள்ளிருந்து திறக்காது, வெளியே சதுப்பு நிலம் வேறு.

சோனோமா அழகான ஊர்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். நடுவே பெரிய சதுக்கம், பழைய மரங்கள், வாத்துகள் நீந்தும் சின்னக் குளம், ஊரைச் சுற்றிக் குன்றுகள். திராட்சைக் கொடிகளில் இலை விட்டிருந்தது, காய் பிடிக்கவில்லை. சதுக்கத்தின் மையத்தில் கல்லில் கட்டிய நகர மன்றம். அதற்கு நான்கு பக்கமும் ஒரே முகம். எந்தப் பக்கத்துக் கடைக்காரரும் தன் பக்கம் முதுகு காட்டுகிறது என்று குறை சொல்லக் கூடாது என்று அப்படிக் கட்டினார்களாம். நான் அதைச் சுற்றி ஒரு நடை போனேன். எங்கே திரும்பினாலும் அதே வாசலும் அதே படிகளும் வந்தன.

புல்லில் போர்வை விரித்து எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு பொரியலும் சாப்பிட்டோம். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பாட்டிலைத் திறந்து சீஸ் வெட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். எங்கள் நால்வரைப் பார்த்தால் அன்று சந்தோஷமான கூட்டம் நாங்கள்தான் என்று யாரும் சொல்லியிருப்பார்கள்.

சாப்பிட்டதும் சதுக்கத்தை ஒட்டியிருந்த, வைனை ருசி பார்க்கும் ஒரு டேஸ்டிங் ரூமுக்குப் போனோம். ஆண்கள் ஐந்து சின்ன கிளாஸ்களை வரிசையாக வைத்துக்கொண்டார்கள். எங்களுக்குத் தண்ணீர். திரும்பும்போது வண்டியை ஓட்டப் போவது நான் என்று யாரும் கேட்காமலே முடிவாகியிருந்தது, அக்கா ஃப்ரீவே ஓட்ட மாட்டார். கவுன்டருக்குப் பின்னால் நின்ற பெண்மணி ஒரு வெள்ளை வைனை ஊற்றி, இது ஏன் வெண்ணெய் போல வழுக்குகிறது தெரியுமா என்று கேட்டார். அவருக்கு நானே சொன்னேன். புளிப்பாக இருக்கும் மாலிக் அமிலத்தை பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது, தயிரில் இருக்கும் அதே அமிலம், அதனால்தான் கூர்மை போய் வழுவழுப்பு வருகிறது என்று. அவர் கண்ணை விரித்து, நீங்கள் வைன் செய்பவரா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் என் கணவர் பெருமையோடு ஆங்கிலத்தில், ஊரில் இருந்தபோது இவள் கெமிஸ்ட்ரி ஆளாக இருந்தாள் என்றார்.

இருந்தாள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது.

அந்த நேரத்தில்தான் என் போன் அதிர்ந்தது. பில்டரின் மெயில். என் பெயரும், கையெழுத்துக்கு ஒரு மஞ்சள் கட்டமும். "வந்துடுச்சா? இங்கயே போட்டுடேன், ஒரு நிமிஷ வேலை" என்றார் இவர். அக்காவின் கணவர் கிளாஸைத் தூக்கிக்கொண்டு தயாரானார். மூன்று முகங்கள் என்னைப் பார்த்தன, கவுன்டர் பெண்மணியையும் சேர்த்தால் நான்கு. மாட்டேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. எங்கே தைரியம் வராதோ அங்கே எனக்குத் தந்திரம் வரும்.

"இப்ப டெக்ஸாஸ்ல மணி என்ன?" என்றேன்.

"நாலு நாப்பது. ஏன்?"

"ஞாயித்துக்கிழமை. நாலரைலேருந்து ஆறு வரைக்கும் ராகு காலம்."

என் கணவர் சாஃப்ட்வேர் இஞ்சினியர். ஆனால் ராகு காலத்தில் ப்ரொடக்‌ஷன் ரிலீஸ்கூடச் செய்ய மாட்டார், அமெரிக்க மேனேஜரிடம் வேறு ஏதாவது காரணம் சொல்லி அது முடியும்வரை தள்ளிவிடுவார். அவர் கை நின்றது.

"ராகு காலம் நாம இருக்கற எடத்துக்குத்தானே பாக்கணும். இங்க ரெண்டு நாப்பதுதான்" என்றார் மெதுவாக.

"இல்ல மச்சி" என்றார் அக்காவின் கணவர். "மனை எங்க இருக்கோ அங்கதான் பாக்கணும். பூமி சம்பந்தப்பட்டது."

"கையெழுத்துப் போடற ஆள் இங்கதான இருக்கா?"

"கையெழுத்து போய்ச் சேர்ற சர்வர் எங்க இருக்குன்னு பாரு. வர்ஜீனியாவா இருந்தா அங்க ஒரு டைம்."

இருவரும் கொஞ்ச நேரம் தீவிரமாக யோசித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அன்று முதல் முறையாக. ஊரில் இருக்கும் மாமனாரைக் கேட்கலாம் என்றால் அங்கே விடியற்காலை மூன்று மணி. இன்று தப்பித்தோம், இரவுக்குள் வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அக்காவின் கணவர் வைன் பட்டியல் அட்டையைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் இரண்டு கோடு இழுத்தார்.

"இங்க பாரு. டெக்ஸாஸ்ல ஆறுக்கு முடியுது. அப்ப நமக்கு நாலு. நமக்கு ஆரம்பிக்கறதே நாலரைக்கு. அப்ப நம்ம டைம் நாலுலேருந்து நாலரை, ரெண்டு பக்கமும் க்ளீன். சிஸ்டர், நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க."

என் கணவர் உடனே போனில் நான்கு மணிக்கு அலாரம் வைத்தார். இதுவரை "இன்று இரவுக்குள்" என்று இருந்த கையெழுத்துக்கு நானே நேரம் குறித்துக் கொடுத்துவிட்டேன்.

ஆண்கள் அடுத்த வரிசை கிளாஸ்களுக்கு உட்கார்ந்தார்கள். நானும் அக்காவும் வெளியே வந்தோம். சதுக்கத்தின் மூலையில் ஸ்பானியப் பாதிரிகள் மண் செங்கல்லில் கட்டிய பழைய மிஷன் இருந்தது. வெள்ளைச் சுவர், முற்றத்தில் சப்பாத்திக் கள்ளி. வெளிப்பக்கம் ஒரு கல் சுவரில் அங்கே இறந்துபோன பழங்குடிகளின் பெயர்கள். அக்கா ஒவ்வொன்றாகப் படித்தார்.

"எல்லாம் சாமி பேராவே இருக்கு" என்றார். "இவங்களுக்குன்னு வேற பேரு இருந்திருக்கும்ல?"

ஞானஸ்நானம் வாங்கியவர்கள் விருப்பப்படி வெளியேற முடியாது, ஓடினால் பிடித்துக்கொண்டு வருவார்கள் என்று உள்ளே எழுதியிருந்தது. என் தலைவிதியை அதோடு ஒப்பிட எனக்குக் கூசியது. நான் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டு நிழலில் நிற்கிறவள். ஆனாலும் போனை எடுத்துப் பார்த்தேன், மணி மூன்று பத்து.

வாத்துக் குளத்தருகே பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு அக்கா மேலேயும் கோபம் இருந்தது. ஏனென்றால் இந்த டெக்ஸாஸ் யோசனையே அக்காவுடையது என்று என் கணவர் பலமுறை சொல்லியிருந்தார்.

"வேலி வேண்டாம்னு சொன்னது நான்தான்" என்றார் அக்கா, வாத்துகளைப் பார்த்துக்கொண்டு. "நீ வரேன்னு கேட்டப்புறந்தான் எனக்கு உசுரே வந்துச்சு. போன வாரம் நானும் கையெழுத்துப் போட்டேன்."

"நான் வரேன்னு யாருக்கா சொன்னா?"

"ஒங்க வீட்டுக்காரர்தான் இவர்ட்ட சொன்னாராம். நீ ரொம்பக் குஷியா இருக்க, கிச்சனுக்கு டைல்ஸ்கூடப் பாத்து வச்சுட்டேன்னு. படிப்ப அங்கிட்டு மாத்திக்கிறப் போறேன்னு."

நான் அவர் பக்கம் திரும்பினேன். பிறகு சொன்னேன், "என்கிட்ட இவர் வேற சொன்னார்க்கா. நீங்கதான் ஆசைப்பட்டு அடம் பிடிக்கறீங்க, அங்க தனியா இருப்பீங்க, அதனால நாங்களும் வரணும்னு கெஞ்சறீங்கன்னு."

"நானா?"

"நீங்கதான்னு சொன்னார்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெறுமையை நான் பார்த்ததில்லை. "எனக்கு அந்த ஊரே வேணாம்மா" என்றார். "போன மாசம் போய்ப் பாத்துட்டு வந்தேன்ல. பால் வாங்கக்கூட கார எடுக்கணும். தெருவுல ஒரு மனுச நடமாட்டம் இல்ல. கோவில் பத்து நிமிசம், அனுமார் இருக்காருன்னு சொல்லிச் சொல்லியே கூட்டிட்டுப் போனாரு. நீ இருக்கேன்னுதான் சரின்னேன்."

ஏழு வருடம் தினமும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டு நடந்தவர்கள் நாங்கள். மாமியார் கதை, மாதவிடாய்க் கதை, எல்லாம் பேசியாயிற்று. ஆனால் வீடு, ஊர், வேலை என்று வந்தால் மட்டும் எங்கள் வழக்கம் வேறு. அதை அவரவர் கணவரிடம் சொல்வோம், அவர்கள் இருவரும் ஆபீஸில் பேசிக்கொள்வார்கள், முடிவு மாலையில் வீட்டுக்கு வரும். அது ஏதோ மரியாதை என்று நினைத்திருந்தோம். அந்த ஒரு விஷயத்தை நடைபாதையில் நேராகக் கேட்டிருந்தால் இந்தப் பெஞ்சுக்கே வந்திருக்க மாட்டோம். எனக்கு இரண்டு ஆண்கள் மேலும் ஆத்திரம் வந்தது. அதைவிட என் முட்டாள்தனத்தின் மேல் அதிகமாக வந்தது.

"வாபஸ் வாங்க முடியாதாக்கா?"

"முன்பணம் போயிருமாம். அது போனாப் போகுது, அப்புறம் இவரு மூஞ்சிய யாரு பாக்குறது." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ வந்தா எனக்கு நல்லது. அத நான் மறைக்க மாட்டேன். தெனமும் சாமிகிட்ட அதத்தான் கேட்டேன்."

அவர் வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் கையை விடுவித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் மூன்று நாள் நினைவுக்கு வந்தது. நான் போனால் படிப்பு போகும், போகாவிட்டால் அக்கா அந்த ஆளில்லாத தெருவில் தனியாக இருப்பார். இருவரில் ஒருவர் மாட்டிக்கொள்வது நிச்சயம், அது நானாக இருக்கக் கூடாது என்று எனக்குள்ளே ஒன்று தெளிவாகச் சொன்னது. அதைக் கேட்டு எனக்கே வெட்கமாக இருந்தது.

சரியாக நான்கு மணிக்கு ஆண்கள் வந்தார்கள். என் கணவரின் பையில் அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. இருவர் முகமும் சிவந்து, நல்ல மூடில் இருந்தார்கள். எங்கள் எதிரே நின்றுகொண்டார்கள், பெஞ்சில் அவர்களுக்கு இடமில்லை.

"போடும்மா, நல்ல நேரம்" என்றார் இவர்.

நான் போனைத் திறந்தேன். மஞ்சள் கட்டம் வந்தது. "வீட்டுக்குப் போய்ப் போடறேன்" என்றேன்.

"வீட்டுக்குப் போறதுக்குள்ள நாலரை தாண்டிடும்."

"ஆறு மணிக்கு மேல போடறேன்."

"நீ தள்ளிக்கிட்டே போவ. எனக்குத் தெரியாதா உன்ன?" அவர் குரல் தாழ்ந்தது. "இத்தன வருஷம் கேட்டிருக்கேனா உங்கிட்ட ஏதாவது? ஒரு வீடு. ஒரே ஒரு வீடு."

அவர் கண் கலங்கியிருந்தது, வைன் பாதி, உண்மை பாதி. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இப்படிக் கேட்டால் நான் என்ன செய்வது. மணி நாலு பன்னிரண்டு. அக்காவின் கணவர் என் பக்கம் குனிந்து, "சிஸ்டர், இவளே போட்டுட்டா, உங்களுக்கென்ன" என்று தன் மனைவியைக் காட்டினார். என் விரல் அந்தக் கட்டத்தின் மேல் போய்விட்டது. தொட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் தொட்டிருப்பேன் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

"அவ போட மாட்டா" என்றார் அக்கா.

சாதாரணக் குரலில்தான் சொன்னார். எங்களைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது.

"அவ வரேன்னு எப்பவுமே சொல்லல. அவளுக்குப் படிப்பு இருக்கு, அத முடிக்கணும். நீங்க ரெண்டு பேரும் சேந்து எங்க காதுல பூ சுத்திட்டீங்க. அவகிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. போதும், அவள விடுங்க."

என் கணவர் தன் நண்பரைப் பார்த்தார். நண்பர் குளத்தைப் பார்த்தார். இரண்டு பேருமே மறுக்கவில்லை. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு புல்லைக் காலால் தேய்த்தார். பிறகு, "சரி, விடு" என்றார், என்னைப் பார்க்காமல்.

அக்காவின் கணவர்தான் முதலில் சமாளித்தார். சிரித்துக்கொண்டே, "அவங்க வராட்டி பரவால்ல. நம்மளாவது போறோம்ல. நீ போட்டுட்டியே, அது போதும்" என்று மனைவியின் தோளைத் தட்டினார்.

அப்போது அக்கா என்னைப் பார்த்தார்.

எனக்கு எல்லாம் புரிந்தது. அவர் எனக்காகச் சொன்னதை நான் அவருக்காகச் சொல்ல வேண்டும். ஒரே வாக்கியம். அரை மணி நேரத்துக்கு முன்தான் அவரே என்னிடம் சொன்ன வாக்கியம், அதைத் திருப்பி உரக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவரால் தனக்காக அதைச் சொல்லிக்கொள்ள முடியாது. என்னால் முடியும். ஆனால் மணி நாலு இருபத்திரண்டு. நான் வாயைத் திறந்தால் பேச்சு மறுபடி ஆரம்பிக்கும். எட்டு நிமிடம் மிச்சம் இருக்கிறது. வாதம் சுற்றிச் சுற்றி, இரண்டு பேரும் வந்தால் இரண்டு பேருக்கும் நல்லதுதானே என்று திரும்ப என் விரலுக்கு வரும். நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். வாத்துகளைப் பார்த்தேன். நாலரை ஆகும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். ராகு காலம் தொடங்கியதும் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பும்போது நான் ஓட்டினேன். ஆண்கள் பின்னால் தூங்கிவிட்டார்கள். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே திரும்ப வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

என் கணவர் ஒன்றரை மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பிறகு பேசினார். பொய் சொன்னதற்கு மன்னிப்பு கேட்டார், வீடு வேண்டும் என்று நினைத்ததற்குக் கேட்கவில்லை, அதை நானும் எதிர்பார்க்கவில்லை. நாங்கள் இன்னும் அதே அபார்ட்மென்டில் இருக்கிறோம். நான் படிப்பை முடித்தேன். இப்போது ஒரு உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். காலை வகுப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள், எனக்கு அவர்களைப் பிடிக்கும். அக்கா அந்த டிசம்பரிலேயே ஃபிரிஸ்கோ போய்விட்டார். ட்ரக்கில் சாமான் ஏறிய அன்று நான் பள்ளியில் இருந்தேன். விடுமுறை கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

அக்கா மாதத்தில் ஓரிரு முறை கூப்பிடுவார், பெரும்பாலும் காரில் போய்க்கொண்டே. என் மாணவர்களைப் பற்றி விசாரிப்பார். சோனோமாவைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. போன வாரம் அவர் பேச்சுவாக்கில், "ஒரு நாளைக்கு எங்கிட்டு நடக்குறேங்குற? கராஜ்லருந்து கிச்சன் வரைக்கும்" என்று சிரித்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அன்னைக்கு நான் உங்களுக்காகப் பேசியிருக்கணும்க்கா" என்றேன்.

மறுமுனையில் இண்டிகேட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

"பேசியிருந்தா என்னன்னு சொல்லியிருப்ப?" என்றார்.

"தெரியும்ல உங்களுக்கு."

"எனக்குத் தெரியும். நீ சொல்லு, கேக்குறேன்."

நான் சமையலறையில் நின்றிருந்தேன். பக்கத்து அறையில் என் கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். "அக்காவுக்கு அங்க போக இஷ்டம் இல்ல. அவங்களும் வரல."

இண்டிகேட்டர் சத்தம் நின்றது.

"கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றார் அக்கா. பிறகு, "வீடு வந்துருச்சு, இவரு வாசல்ல நிக்கிறாரு, வச்சிர்றேன்" என்று போனை வைத்துவிட்டார்.